பார்த்தேன், சரி

கோவை,
3 ஜூன் 2025

லோகா,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே, கல்யாணப் பத்திரிகை இல்லை. வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் அடித்தால் போவதில்லை. மெயிலுக்கு இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கடைசியில் ஆபீஸ் ஃபைலிலிருந்து உன் தாராபுரம் வீட்டு விலாசத்தைத் திருடி, தபாலாபீஸ் வரிசையில் நின்று கவர் வாங்கியிருக்கிறேன். ஏழு வருடம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வந்த நிலைமை இது.

சண்டைக்காக எழுதவில்லை, அதற்கும் நேரம் வரும். உன் தம்பிதுரை மாமாவின் கோழிப்பண்ணையில் நடந்தது உன் காதுக்கு வந்திருக்கும். ஆனால் ஊர்ப் பேச்சாக வந்திருக்கும் என்பதால் நானே முழுவதும் சொல்கிறேன்.

மே 9, மதியம் ஒன்றே முக்காலுக்குப் பண்ணை லைனில் கரண்ட் போனது. ஷெட்டில் ஃபேன் எல்லாம் நின்றது. வெளியே என்ன வெயில் என்று உனக்கே தெரியும். கரண்ட் போனால் போன் அடித்துச் சொல்கிற நம் 'பண்ணைக் காவல்' தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஒன்று நாற்பத்தேழுக்கு முதல் அழைப்பு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, மொத்தம் பதினைந்து. பதினைந்தும் மாமாவின் போனுக்குப் போயின. மாமா அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார், போன் வண்டி டிக்கியில் இருந்தது. குழந்தையம்மாள் அத்தை ஷெட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறார். வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியதால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனதே அவருக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்குத் தண்ணீர் பார்க்கப் போனபோது ஆயிரத்து நூற்று நாற்பது கோழி செத்துக் கிடந்தது.

என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று மாதக் கடைசிக்குள் நான் அறிக்கை எழுத வேண்டும். நம் முதலாளி பிரவின்குமார் தினமும் கேட்கிறார். பழைய தாள்களையெல்லாம் எடுத்தேன். போன் அடிக்கும் பகுதியை எழுதியது நான். படித்துப் பார்த்து ரிவ்யூ கையெழுத்துப் போட்டது நீ. தேதி பிப்ரவரி 11. குறிப்பு: "பார்த்தேன், சரி."

ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலே மூன்று பக்கம் எழுதுகிறவள் நீ. என் ஏழு வருட ரிவ்யூவில் உன்னிடம் நான் வாங்கிய மிகச் சின்ன குறிப்பு இதுதான். ஏன் லோகா, அன்றைக்கு உனக்கு உடம்பு சரியில்லையா?

ஜெனிதா


தாராபுரம்,
8 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஜெனிதா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. டீம் லீட் அவர்கள் தபாலாபீஸ் வரிசையில் நின்றதைப் படித்து நெகிழ்ந்துபோனேன்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். பதினாறாம் தேதி திறக்கிறார்கள். என் தலையில் கட்டியிருக்கும் பாடம் 'மென்பொருள் பொறியியல் அறிமுகம்'. அதற்கு நான் எழுதி வைத்திருக்கும் முதல் பக்கத்தைத் தங்கள் பார்வைக்குத் தருகிறேன்.

"மென்பொருள் செய்வது என்றால் உட்கார்ந்து நிரல் எழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். எழுதுவது நடுவில் வருகிற வேலை. முதல் வேலை கேட்பது. யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எப்படிக் கட்டுவது என்று யோசிப்பது, எழுதுவது, எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது, வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது, கொடுத்த பிறகும் கூட இருந்து பழுது பார்ப்பது எல்லாம். கேட்பதில் செய்த தப்பு கேட்கும்போது தெரியாது. எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் தெரியும்."

பண்ணைக் காவலில் அந்த முதல் வேலையை யார் செய்தது? அந்த யோசனை யாருடையது என்று நான் கேட்கவில்லை, அதெல்லாம் பழைய கதை. கொடிசியா கண்காட்சி மேடையில் மைக்கைப் பிடித்து "நாங்கள் விவசாயிகளின் மொழியில் யோசிக்கிறோம்" என்று யார் பேசியது, கீழே நாற்காலியில் உட்கார்ந்து யார் கைதட்டியது என்றும் கேட்கவில்லை. பொங்கல் முடிந்ததும் லீட் பதவி யாருக்குப் போனது என்பதும் ஊருக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். என் அத்தை வீட்டுக்கு என்னை விட்டுவிட்டுப் போனது யார்?

தாங்கள்தான் போனீர்கள். இருபத்திரண்டு கேள்வி கொண்ட படிவத்தோடு போய், மாமா போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இருபத்திரண்டையும் மாமாவிடமே கேட்டீர்கள். பண்ணை அவர் பேரில் இருப்பதால் அவரும் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். எந்த எண்ணுக்கு அடிக்க வேண்டும் என்றதற்கும் தன் எண்ணையே சொன்னார். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் அப்படித்தான். கேட்டால் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு ஷெட் முன்னால் நின்று மாமாவோடு ஒரு போட்டோ எடுத்துப் போட்டீர்களே, நானூறு லைக் வந்ததே, அதை எடுத்து ஒருதரம் பாருங்கள். தங்கள் இடது காலுக்குப் பின்னால், மிதித்து உள்ளே போவதற்காக வாசலில் கொட்டிய சுண்ணாம்புக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது. ஷெட்டுக்குள் போகிறவர்கள் மாட்டிக்கொள்வதற்கென்று வாசலிலேயே கிடக்கிற செருப்பு. அது யாருடைய கால் அளவு என்று பாருங்கள்.

நான் படித்தது தாங்கள் எழுதிய நிரலை. எழுதியபடி அது வேலை செய்ததாகத் தாங்களே சொல்கிறீர்கள். ஆகவே பார்த்தேன், சரி.

இப்படிக்கு,
தா. லோகப்பிரியா


கோவை,
12 ஜூன் 2025

லோகா,

இந்த 'தாங்கள்', 'தங்கள்' எல்லாம் போதும். இதைவிட நீ நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோஸ் வார் போட்ட சின்னச் செருப்பு. ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு நான் அதைப் பார்க்கவில்லை. அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரரிடம் மோர் வாங்கிக் குடித்தேன், பேர் கேட்டேன், வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் படிவத்தில் 'பண்ணை உரிமையாளர் யார்' என்று இருந்தது. 'ஷெட்டுக்குள் போகிறவர் யார்' என்று இல்லை.

ஆனால் நீயே ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொண்டாய். போட்டோ போட்டது ஜனவரியில், நீ ரிவ்யூ செய்தது பிப்ரவரியில். செருப்பை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு அந்தப் போட்டோவைப் பார்த்தவளுக்கு, நிரலில் ஒரே ஒரு போன் எண் இருந்தது கண்ணில் படவில்லையா?

போன வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மாமா முன்வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுலயே இருந்துக்கிட்டு இருநூறடி போயி எட்டிப் பாக்கலீன்னா நான் என்னங்க பண்றது? உங்க மிசினு மேல குத்தமில்லீங்க. பதினஞ்சு தடவ கூப்புட்டுருக்குது. இவளுக்குத்தான் பொறுப்பில்ல. அடுத்த பேட்ச்சுக்கு ஆளு போட்டுக்கறேன்னு சொல்லிப்போட்டனுங்க. இனி இவ ஷெட்டுப் பக்கமே போக வேண்டாம்."

அத்தை கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒன்பது வருடமாக அந்த ஷெட்டைப் பார்த்தவர். நான் கிளம்பும்போது வண்டிவரைக்கும் வந்து, "லோகு வரலீங்களா?" என்றார்.

அந்த வீட்டுக்கு நான் நாலு முறை போயிருக்கிறேன். நாலு முறையும் அவர் கேட்டது இதைத்தான். முதல் முறை உப்புப் போட்ட மோரைக் கையில் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னால் வண்டியில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாயா? மேடையைப் பற்றி எழுதியிருக்கிறாய். மேடையில் நிற்கிறவளை எல்லாரும் பார்ப்பார்கள் லோகா, யாரும் தேட மாட்டார்கள்.

பிரவின்குமார் சொல்வது: "'பயனர் கவனக்குறைவு'ன்னு ஒரு வரி போட்டு முடிச்சுருங்க ஜெனிதா. அவங்களே அதைத்தான் சொல்றாங்க." அந்த வரியைப் போட்டால் நீயும் தப்பித்தாய், நானும் தப்பித்தேன். பாதி எழுதிவிட்டேன். உன் பதில் வரும்வரை முடிக்கப் போவதில்லை.

ஜெனி


தாராபுரம்,
17 ஜூன் 2025

ஜெனி,

நேற்று கல்லூரி முடிந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா இல்லை. ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வாசலில் செருப்பு இல்லை. அதை அத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

"முன்னெல்லாம் அரைமணிக்கொருக்காப் போயி எட்டிப் பாப்பங் கண்ணு," என்றார். "இந்த மிசினு வந்ததுக்கப்புறம் உங்க மாமன், 'ஏதாச்சும்னா போனு அடிக்கும், நீ சும்மா சும்மா ஓடாதே'ன்னு சொல்லிப்போட்டாரு. போனு அடிக்கலியே, அப்ப நல்லாத்தான் இருக்குதாட்ட இருக்குதுன்னு நானும் உக்காந்துட்டேன். எம்பட தப்புத்தான்."

அவர் தப்பு என்று அவரே நம்பிவிட்டார். நாம் ஒரு பொருளைக் கொண்டுபோய் வைத்து, பார்த்துக்கொண்டிருந்தவரை உட்கார வைத்துவிட்டோம். அதன் பிறகு அது வேறு யாரையோ கூப்பிட்டது. நிரலில் பிழையில்லை. எழுதியதைச் சரியாக எழுதினோமா என்று பார்ப்பது ஒன்று, எழுத வேண்டியதைத்தான் எழுதினோமா என்று பார்ப்பது வேறொன்று. இன்று காலை முதல் வகுப்பில் இதைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன். நாற்பத்தாறு பேர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டது.

பிப்ரவரி 11. காலையில்தான் உன் பதவிக்கு கேக் வெட்டினார்கள். லீட் ஆகி ஒரு மாதம் கழித்து எதற்குக் கேக் என்று தெரியவில்லை, பிரவின்குமார் ஊரில் இல்லாததால் தள்ளிப்போனது என்றார்கள். நீ முதல் துண்டை எனக்கு ஊட்டினாய். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். அந்த கேக் வாயில் இருந்தபோது எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? இவள் ஒரு தடவை எல்லார் முன்னாலும் சறுக்கி விழ வேண்டும். பெரிதாக இல்லை, சின்னதாக. "லோகாவைக் கேட்டிருக்கலாமே" என்று நாலு பேர் சொல்கிற அளவுக்கு.

மதியம் உன் நிரலைத் திறந்தேன். ஒரே எண். கமெண்ட் பெட்டியில் எழுதினேன்: "இது உரிமையாளரின் எண். ஷெட்டைப் பார்ப்பது அவர் மனைவி. அவர் எண் வேண்டும். முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாவது ஆளுக்குப் போக வேண்டும்." அனுப்பியும்விட்டேன். அனுப்பிய பிறகு நினைத்தேன், இதைத் திருத்திவிட்டு இதையும் மேடையில் இவள்தானே சொல்லப் போகிறாள் என்று. உடனே அழித்தேன். 'பார்த்தேன், சரி' என்று போட்டேன்.

எனக்கு உன்மேல் பொறாமை ஜெனி. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. உன் சிரிப்பின் மேல், நீ யாரிடமும் கூசாமல் பேசுவதன் மேல், தப்பு செய்தாலும் உனக்குத் தூக்கம் வருகிறதே அதன் மேல். மார்ச்சில் வேலையை விட்டதும் அதனால்தான். ஆனால் நான் விழ வைக்க நினைத்தது உன்னை. விழுந்தது என் அத்தை.

அறிக்கையில் இதை அப்படியே போடு. 'பயனர்' என்று ஆரம்பிக்கிற வரியை எழுதாதே.

லோகா


தாராபுரம்,
27 ஜூன் 2025

ஜெனி,

பத்து நாளாகிவிட்டது. கடிதம் கிடைத்ததா?

கிடைத்திருக்கும். பிரவின்குமார் மேசையில் அதை வைத்து "நான் சொன்னேனில்லீங்களா" என்று நிற்கிறாய் என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த ஒரு வரியை எழுதி முடித்திருப்பாய் என்று நினைக்கிறேன். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் எரிச்சலாக இருக்கிறது. நீ நல்லவள் என்று பேர் வாங்குவதற்கு என் அத்தை தேவையில்லை.

மாமா ஆள் பேசிவிட்டாராம். ஒன்றாம் தேதி முதல் வருகிறானாம். அத்தை இதைச் சொன்னபோது தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தார், திரும்பவில்லை.

ஏதாவது எழுது.

லோகா


கோவை,
1 ஜூலை 2025

லோகா,

மேசையில் வைத்து நிற்கவுமில்லை, உன்னைக் காப்பாற்றவுமில்லை. பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். தப்பு செய்தாலும் எனக்குத் தூக்கம் வருகிறது என்றாயே, இனிமேல் அதற்குப் பொறாமைப்பட வேண்டாம்.

நம் ரிவ்யூ பக்கத்தில் ஒரு கமெண்ட் போட்டால், எழுதியவருக்கு உடனே ஒரு மெயில் போகும். பிறகு நீ அதை அழித்தால் பக்கத்தில்தான் அழியும். மெயில் போனது போனதுதான். ஏழு வருடம் அந்தப் பக்கத்தில் வேலை செய்தவள் நீ, கோபத்தில் அதை மறந்துவிட்டாய்.

பிப்ரவரி 11, மாலை நாலு பன்னிரண்டுக்கு எனக்கு வந்தது. லிஃப்டில் நின்று படித்தேன். படித்ததுமே சரி என்று தெரிந்தது. மேலே போய்ப் பக்கத்தைத் திறந்தால் கமெண்ட் இல்லை. 'பார்த்தேன், சரி' என்று மட்டும் இருந்தது. எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அதற்குப் பின்னாலேயே சந்தோஷம்.

ஏனென்றால் நான் எதை எடுத்துக்கொண்டு போனாலும் பிரவின்குமார் கேட்கிற முதல் கேள்வி, "லோகா பார்த்தாங்களா?" லீட் ஆன பிறகும் அதே கேள்வி. கேக் வெட்டின அன்றைக்கும் அதே கேள்வி. உன் கமெண்டை நான் எடுத்துத் திருத்தினால், அதைக் கண்டுபிடித்தது லோகா என்று சொல்லியாக வேண்டும். மறுநாள் டெமோ. ஒரு தடவையாவது, லோகா கண்டுபிடிக்காத ஒன்றாக, என்னுடையது மட்டுமாக அது போகட்டும் என்று நினைத்தேன். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். நம் ஆபீஸில் அப்புறம் எப்போது வரும் என்று உனக்குத் தெரியும்.

நீ அழித்தாய். நான் படித்தும் மறைத்தேன். முதல் கடிதத்தில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி "உடம்பு சரியில்லையா" என்று கேட்டேனே, அது உன் வாயிலிருந்து முதலில் வரட்டும் என்றுதான். நீ சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று அறிக்கையைக் கொடுத்தேன். அந்த மெயிலை அச்சடித்துப் பின்னால் வைத்தேன். கேட்க வேண்டியவரைக் கேட்காதது ஜெனிதா. கண்டதை அழித்தது லோகப்பிரியா. அழித்ததைப் படித்தும் பேசாமல் இருந்தது ஜெனிதா. பயனர் மேல் எந்தத் தவறும் இல்லை. வேலை போகும் என்று என் மேசையில் இருந்த கப்பையும் மாதா படத்தையும் பைக்குள் எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பிரவின்குமார் இரண்டு தடவை படித்தார். என் முன்னாலேயே மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஏனுங்க, தப்பு எங்க பேர்லீங்க. உங்க ஊட்டுக்காரம்மாவக் கேட்டுச் செஞ்சுருக்கோணும், கேக்காம உட்டுப்போட்டோம். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார். மாமா "செரிங்க" என்று வைத்துவிட்டார்.

பிரவின்குமார் என்னை லீடாகவே இருக்கச் சொல்லிவிட்டார். அறிக்கையை ஆபீஸில் முப்பது பேரும் படிக்க வேண்டும், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம் என்றும் சொல்லிவிட்டார். உன் பேரும் என் பேரும் அதில் இருக்கின்றன.

ஜெனி


தாராபுரம்,
5 ஜூலை 2025

ஜெனி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? உண்மையைச் சொல்வதிலும் இவளே முந்திக்கொண்டாள். முதலில் ஒத்துக்கொண்டது நான், தாளில், ஜூன் 17. ஆனால் உள்ளே போய் நின்றது நீ, பேர் வாங்கியது நீ, முதல் பாடமாகப் போவதும் நீ எழுதினது. இங்கே நாற்பத்தாறு பேருக்கு நான் சொந்தமாக எழுதின பாடத்தை யார் படிக்கிறார்கள்? இப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், இனிமேல் எதையும் அழிப்பதாக இல்லை.

மெயில் போகும் என்பதை மறந்தேன் என்கிறாய். நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், உண்மையிலேயே மறந்தேனா என்று. தெரியவில்லை.

மாமா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை. உங்கள் போன் வந்த அன்று சாயங்காலம், பேசி வைத்த ஆளிடம் "வேற எடம் பாத்துக்கப்பா" என்றாராம். அடுத்த நாள் காலை அத்தை எழுந்து போனால் ஷெட் வாசலில் அந்த ரோஸ் செருப்பு கிடந்திருக்கிறது. மாமாவே கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, "அவ நம்பரையே போடச் சொல்லு. எனக்கு ரெண்டாவது போட்டாப் போதும்," என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அதனால் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, நீ ஜனவரியில் செய்திருக்க வேண்டிய வேலையை நான் செய்தேன். அத்தை பின்னாலேயே ஒரு நாள் முழுவதும் நடந்தேன். எத்தனை மணிக்கு ஷெட்டுக்குள் போகிறார், போன் எங்கே இருக்கிறது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சத்தம் கேட்குமா, ஜெனரேட்டர் கயிற்றை அவரால் இழுக்க முடிகிறதா, எல்லாம் எழுதியிருக்கிறேன். பதினான்கு பக்கம். இதோடு வைத்திருக்கிறேன். அவர் வைத்திருப்பது பட்டன் போன், அதனால் ஆப் வேண்டாம், அழைப்பு மட்டும் போதும்.

முதல் எண் அத்தை. இரண்டாவது மாமா. இரண்டு பேரும் எடுக்காவிட்டால் யார் என்று கேட்டதற்கு அத்தை யோசிக்கவே இல்லை. "உம்பட நம்பரப் போடு கண்ணு. நீதான் பக்கத்துல இருக்கற," என்றார். போட்டுவிடு.

உன்னையும் கேட்டார். "அந்தச் சிரிச்ச மொகத்துப் புள்ள வரலியா?" என்று. எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

லோகா


கோவை,
12 ஜூலை 2025

லோகா,

'சிரிச்ச மொகத்துப் புள்ள' என்கிற வரியை மட்டும் ஏழு தடவை படித்தேன். இனி உனக்கும் வயிறு எரியட்டும், எனக்கு நாலு முறை எரிந்ததே.

பதினான்கு பக்கமும் படித்தேன். என் இருபத்திரண்டு கேள்வியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதில் ஒரு பக்கம்கூட என்னால் எழுதியிருக்க முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது, அதையும் எழுதிவிட்டேன்.

நேற்று பண்ணைக்குப் போய்ச் சோதனை செய்தோம். ஷெட் காலியாகத்தான் இருக்கிறது, குஞ்சு 21-ம் தேதி இறங்குகிறது. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். முடிவுகள்:

முதல் சோதனை. அத்தை இரண்டாவது ரிங்கில் எடுத்தார். பதிவு செய்த குரலிடம் "ஆருங்க? கரண்டு போயிருச்சுங்களா? செரிங்க, தோ வாரேனுங்க" என்று பதில் சொல்லிவிட்டு ஓடிவந்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் ஜெனரேட்டர் ஓடியது. வெற்றி.

இரண்டாவது. அத்தையை எடுக்க வேண்டாம் என்றோம். போன் அடிக்க அடிக்க எடுக்காமல் இருக்க அவர் பட்ட பாடு பெரும் பாடு. மாமாவுக்குப் போனது, எடுத்தார். வெற்றி.

மூன்றாவது. இரண்டு பேரையும் எடுக்க வேண்டாம் என்றோம். மூன்றாவது எண்ணுக்கு அழைப்பு போகவே இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தோம். சர்வரைப் பார்த்தோம், நிரலைப் பார்த்தோம், சிம்மைப் பார்த்தோம். இரண்டு மணிநேரம் வெயிலில் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. எச்சரிக்கை அழைப்பு போவது ஆபீஸ் எண்ணிலிருந்து. மார்ச்சில் நீ என்னோடு சேர்த்து ஆபீஸ் எண்ணையும் பிளாக் செய்திருக்கிறாய்.

தோல்வி.

பிழைப் பட்டியலில் முறைப்படி ஏற்றிவிட்டேன். பிழை: மூன்றாவது ஆள் யாருடைய அழைப்பையும் எடுக்கிற நிலையில் இல்லை. பொறுப்பு: லோகப்பிரியா. கெடு: குஞ்சு இறங்குவதற்குள். நீ வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் இதை ஓட விடுவேன். ஆபீஸில் இல்லாதவள் ரிவ்யூ செய்யலாமா என்று பிரவின்குமாரைக் கேட்டேன். "லோகா பாக்காம எப்படீங்க?" என்றார். வழக்கம்போல் எரிந்தது.

ஜெனி


தாராபுரம்,
17 ஜூலை 2025

ஜெனி,

ஆபீஸ் எண்ணை உன் கடிதம் வந்த அன்றே பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அத்தை வீட்டில் நின்று மூன்றாவது சோதனையை நானே செய்தேன். போன் அடித்தது, எடுத்தேன். அந்தப் பிழையை மூடிவிடு.

பிறகு உன் புது நிரலை உட்கார்ந்து முழுவதும் படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. நன்றாக எழுதியிருக்கிறாய். என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது வழக்கமாக எரிகிற இடத்தில் வழக்கம்போல் எரிந்தது. அது போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கட்டும், அதையும் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் போலிருக்கிறது.

என் ரிவ்யூவைப் பக்கத்திலும் போட்டிருக்கிறேன், இந்நேரம் உனக்கு மெயில் வந்திருக்கும். தாளிலும் எழுதித் தருகிறேன்:

"பார்த்தேன். சரியில்லை. மூன்று பேரும் எடுக்காவிட்டால் அழைப்பு எங்கேயும் போகாமல் நின்றுவிடுகிறது. நான்காவது எண் வேண்டும். ஜெனிதாவின் எண்ணைச் சேர்க்கவும். இந்தக் கமெண்ட் அழிக்கப்படாது."

உன் எண்ணையும் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இன்று காலை, வகுப்புக்குப் போவதற்கு முன்னால். அடித்துச் சோதித்துக்கொள்.

லோகா